இரண்டு டிக்கெட்

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். முடிந்து கடலூர் திரும்ப நானும் மனைவியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். வழக்கம்போல நான் முன்னால் வேகமாக நடந்து, பின்வாசலில் ஏறிவிட்டேன். அவள் முன்வாசலில் ஏறியிருப்பாள் என்று இரண்டு டிக்கெட்டும் எடுத்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா எங்க?"

"முன்னாடி உக்காந்திருக்கா."

"பாத்தீங்களா? அம்மா இன்னும் சிதம்பரத்துலதான் நிக்கிறாங்க. யார் போன்லயோ பேசுனாங்க."

மனைவியின் போன் என் பையில் இருந்தது.

இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பினேன். அதே இடத்தில் நின்றிருந்தாள். என் தப்பை மறைக்க, "கூப்பிட வேண்டியதுதானே?" என்று அதட்டினேன்.

"ஏங்கன்னு கத்துனேன். அங்க நின்ன ஆம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீங்கதான் பாக்கல."

கடலூர் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.