பூட்டிய வீட்டுக்கு முன்னால் கழற்றிய பூட்ஸ்

பிள்ளைகளே, பரண்மேல் துணி சுற்றி வைத்திருக்கும் அந்தப் பழுப்பு நிற பூட்ஸை யாரும் போடாமல் எதற்காக வைத்திருக்கிறோம் என்று போன வாரம் கேட்டீர்கள். பெரியவன் அதற்குள் காலை விட்டுப் பார்த்தான். நான் கத்திவிட்டேன். "புள்ளைங்க மேல இன்னாத்துக்கு எரிஞ்சி வுழறீங்க?" என்று உங்கள் அம்மா கேட்டாள். கோபம் உங்கள் மேல் இல்லை. அது யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் என் குரல் ஏறிவிடும். நீங்கள் பயந்து பாதியில் எழுந்துவிடுவீர்கள்.

அது உங்கள் சித்தப்பாவுடையது. இங்கிலாந்தில் பனியில் நடப்பதற்காக வாங்கியது. கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். மேலிருந்து கீழ்வரை ஓட்டைகள், அவற்றின் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற நீளமான கயிறு. நம் காலனியிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் என் தம்பிதான். சென்னையில் இஞ்சினியரிங் முடித்து, உதவித்தொகை கிடைத்து, மேற்படிப்புக்குக் கப்பலேறினான். படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து அம்பத்தூரிலோ ஆவடியிலோ வேலைக்குச் சேர்வேன் என்று உங்கள் தாத்தாவிடம், அதாவது எங்கள் நைனாவிடம், சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நைனா எழுந்தார், மூட்டை தூக்கப் போனார், வந்து படுத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே ஒரு ஜாம் கம்பெனியில் பெட்டி சுமந்து சேர்த்த காசில், குளிர்கால விடுமுறைக்கு வருவதாகத் தம்பி எழுதினான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலனியிலிருந்து ரயிலுக்குப் போக வேண்டுமானால் பெரிய தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேதான் மேட்டு வீடு. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்கள் பாடுபட்டது அந்த வீட்டுக் கழனியில். அந்தத் தெருவில் நாங்கள் செருப்புப் போட்டு நடப்பதில்லை. காலம் மாறி, எங்களில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனோம். நான் ஒரு போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டினேன். கம்பெனியில் ஷூ கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டுப் பையில், தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப் போய், திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வோம். காலை வண்டிக்கு முன்னால் பார்த்தால் வரிசையாக ஆட்கள் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் அதே இடத்தில் கழற்றுவார்கள். "மாமே, உன் கொயம்புல இன்னிக்கு ஷூ வாசன தூக்கலா கீது" என்று கேலி பேசிக்கொள்வோம். சிரித்தோம், பாருங்கள்.

இன்னொன்றைக் கேட்டால் உங்களால் நம்பவே முடியாது. தம்பி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே மேட்டு வீட்டுக்காரர் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, குடும்பத்தோடு பட்டணத்துக்குக் குடிபோய்விட்டார். கதவில் பெரிய பித்தளைப் பூட்டு. உள்ளே பல்லி, கரப்பான் தவிர எதுவும் இல்லை. அப்போதும் எங்கள் ஷூ பையிலேயேதான் போய்க்கொண்டிருந்தது.

மார்கழி மாதம் தம்பி வந்து இறங்கினான். நைனாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். கரிப்புகைக்கு நடுவிலிருந்து, கையில் ஒரு கோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னைவிடச் சதைபோட்டு வந்தான். நைனா அவன் முகத்தை ஒரு முறை பார்த்தார். அப்புறம் பார்த்ததெல்லாம் காலைத்தான். பிளாட்பாரத்தில் அவன் உட்காருவான், கழற்றுவான் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவன் பாட்டுக்கு நடந்தான். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். பெரிய தெரு முனை டீக்கடை வந்ததும் நைனா நின்றுவிட்டார்.

"கயட்டுடா."

"இன்னா நைனா?"

"பூட்ஸத்தான். கயட்டி கையில எட்த்துக்க."

"யாருக்கோசரம் கயட்டணும்? மேட்டு ஊடுதான் பூட்டிக்கீதே."

"ஊடு பூட்டிக்கீது. தெரு பூட்டிக்கீதா?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "வுடு நைனா, எங்கேருந்தோ வந்துகீறான்" என்றேன். நைனா குரலே உயர்த்தாமல், "அப்ப உன் பையில தெனம் இன்னாத்த தூக்கினு போற? அத்தச் சொல்லு மொதல்ல" என்றார். நான் தலையிலிருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தேன்.

செருப்பாக இருந்திருந்தால் உதறிவிட்டுப் போயிருக்கலாம். அந்த பூட்ஸை ஒரு நொடியில் கழற்ற முடியாது. பயணம் முழுக்கப் போட்டிருந்ததில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. உட்கார எதிரிலேயே மேட்டு வீட்டுப் படி இருந்தது. அதில் நாங்கள் உட்கார முடியாது. நடுத்தெருவில் ஒற்றைக் காலில் தள்ளாடினான். பிறகு குந்திக்கொண்டு நகத்தால் முடிச்சை நெம்பினான். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா தொர, நீ கயட்டி முடிக்கறதுக்குள்ள பொங்கலே வந்துரும் போல கீதே!"

"சீமையில இத்த கயட்டி வுட ஆளு வெச்சிகீறான்பா!"

பெஞ்சே சிரித்தது. தம்பி ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதற்குக் குனிந்தான். அப்புறம் கம்பளி சாக்ஸ் இரண்டு. வெயிலே படாமல் அவன் பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மனை போட்டவர்கள் ரோட்டுக்குப் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அந்த ஜல்லியில் எம்பி எம்பி நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் சிரிப்பு கேட்டது. முன்னால் நைனா தலையைக் குனிந்துகொண்டு, பூட்டிய கதவைத் தாண்டும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பித்தளைப் பூட்டுக்கு மரியாதை!

வீட்டில் எங்கள் அம்மா வெந்நீர் வைத்துக் காலைக் கழுவி, குத்தியிருந்த கல்லை ஊக்கால் எடுத்தாள். "பூ மாதிரி ஆயிப்போச்சே என் புள்ள காலு" என்று அவளுக்கு அதிலும் ஒரு பெருமை. தம்பி நைனாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நான் இங்க வேலைக்கு வந்தா தெனம் இப்பிடித்தானா நைனா?"

"டேசன் வரிக்கும்தாண்டா. அப்பால போட்டுக்க. அப்பால நீ ராசா."

ஆசையாகத்தான் சொன்னார். மகனுக்குப் பெரிய சலுகை வாங்கிக் கொடுத்த மாதிரி சொன்னார். செருப்புப் போட்டு நடந்ததற்காகத் தன் சொந்த அண்ணனை மேட்டு வீட்டுக் களத்தில் கட்டிவைத்து அடித்ததைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். அந்தப் பெரியப்பா கடைசிவரை காலை இழுத்துத்தான் நடந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நைனா மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அடித்தவன் போய்விட்டான். அவன் விட்டுப்போன காவலை நாங்களே சம்பளம் இல்லாமல் பார்த்தோமே, அந்தக் கோபம். கட்டிவைத்து அடித்தவர்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல், நிலத்தை விற்று, பட்டணத்தில் பெரிய மனிதர்களாக உட்கார்ந்துகொண்டார்களே, அந்தக் கோபம். பெஞ்சில் சிரித்தவர்களில் ஒருவன்கூட எழுந்து, "போட்டுகினு போ தம்பி" என்று சொல்லவில்லையே, அந்தக் கோபம்.

விடுமுறை முடிகிறவரை தம்பி காலனியை விட்டு வெளியே வரவில்லை. கிளம்புகிற அன்று வெறுங்காலோடு தெருவைக் கடந்து, பிளாட்பாரத்தில் பையிலிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். "பூட்ஸு எங்கடா?" என்று நைனா பதறினார். "ஊட்லயே கீது நைனா. அத்த கையில தூக்கினு நடக்க எனக்கு வராது." வண்டி போய்விட்டது. நைனாவுக்கு அப்போதும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அடுத்த குளிர்காலத்தில் விடுமுறை இல்லை என்று எழுதினான். அதற்கடுத்ததில் அங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றான். நைனா மட்டும் மார்கழி வந்தால் சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். இறங்குகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படியே பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் அதே பெரிய தெருவில் ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறீர்கள். உங்களுக்கு அது வெறும் தெரு. பிளாட்பாரத்தில் மட்டும், என் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இன்றும் பையிலிருந்துதான் ஷூவை எடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையைப் பிடுங்கி எறியலாமா என்று தோன்றும்.

நேற்று நீங்கள் அம்மாவோடு மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தபோது, பரணிலிருந்து அந்த பூட்ஸை இறக்கினேன். கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பெரிய தெருவுக்குப் போனேன். மேட்டு வீட்டுச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பூட்டு பச்சை பிடித்துத் தொங்குகிறது. அந்தப் படியில் நடுவாக உட்கார்ந்தேன். தம்பிக்குச் சின்னக் கால். எனக்கு விரலை நசுக்கியது. தோல் வெடித்திருந்தது. கட்டும்போதே இற்றுப்போன கயிறு அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினேன். டீக்கடையிலிருந்து யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மெதுவாகவே கட்டினேன். எழுந்து தெருவின் அந்தக் கோடி வரை போய், திரும்பி, வீடு வரை வந்தேன். குதிகாலில் தோல் உரிந்துவிட்டது.

பூட்ஸைப் பரணில் ஏற்றவில்லை. துடைத்து, வாசலில் உங்கள் ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெரியவன் போட்டுப் பார்க்கட்டும்.