தேன்மெழுகு குறைந்த ஞாயிற்றுக்கிழமை

விதி ஒன்பது: குண்டு உள்ளே இறங்கிய பின் ஒவ்வோர் அறையின் வாயையும் கிரீஸால் மூட வேண்டும். கிரீஸ் இளகி ஓடினால் அன்றைக்குச் சுடக் கூடாது.

இந்த விதியை எழுதியவன் நான். தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுடுதளத்துத் தூணில் அடித்து வைத்தவனும் நான்தான். நில அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் விதி எழுதக் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

போன ஜூலையில் மருமகள் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தவறுதலாக ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்துவிட்டாள். இந்த ஜொகூர் வெக்கையில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் பார்ப்பது அபூர்வம். வெள்ளை வெளேரென்று, கல்லாக இருந்தது.

"என்ன மாமா, போத்தலையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பத்து பாகாட்டுக்கு வெளியே, செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் எங்கள் துப்பாக்கிச் சங்கம் இருந்தது. நான் அதன் செயலாளர். சங்கத்தின் பெயரில் உரிமம் பெற்ற இரண்டு ரிவால்வர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல்கள். அவற்றுக்குத் தோட்டா கிடையாது. கரிமருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி இறக்கி, அதன் மேல் கிரீஸ் பூசி, கடைசியில் பின்பக்கம் சின்னச் செம்புத் தொப்பி மாட்ட வேண்டும். சுழலும் உருளையிலுள்ள ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்புவோம். சுத்தியல் காலி அறையின் மேல் இறங்கி நிற்கும். ஐந்து முறை சுட ஒரு நிமிடம், அதற்குத் தயாராகப் பத்து நிமிடம். அவசரக்காரர்களுக்கு ஆகாத விளையாட்டு. சுட்டதும் வெள்ளைப் புகை மொத்தமாக எழுந்து இலக்கை மறைத்துவிடும். பட்டதா இல்லையா என்று தெரிய, காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகவே நான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுவோம். வீட்டுக்குப் போனால் சட்டையில் அழுகிய முட்டை நாற்றம். என் மனைவி வாசலிலேயே துண்டை நீட்டுவாள்.

கிரீஸ் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குள் புகுந்து, இரண்டும் ஒன்றாக வெடித்துவிடும். வெளிநாட்டுப் புத்தகங்கள் பன்றிக்கொழுப்பைச் சொல்லின. எங்கள் தலைவர் ஒரு ஹாஜி. அடுத்தது மாட்டுக்கொழுப்பு. அங்கே நான் முகம் சுளித்தேன். இதற்காக மூன்று கூட்டம் போட்டோம். சேவியர் அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ரெண்டும் ஓகே லா. சாப்பிடவே செய்றேன், பூசக் கூடாதா?"

கடைசியில் 'எல்லா உறுப்பினர்களும் தொடக்கூடிய கிரீஸ்' என்று தீர்மானம் நிறைவேற்றினோம். தேன்மெழுகு பாதி, தேங்காய் எண்ணெய் பாதி. அதைக் காய்ச்சும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சேவியர் அண்ணன் துணி ஆலையில் வயர்மேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி அவர்தான். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. சனிக்கிழமை இரவே அவர் அதைத் துவைத்துக் காயப்போடுவதாக அவர் மனைவி சொல்லிக் கேலி செய்வார். செம்புத் தொப்பி இன்னும் மாட்டாத துப்பாக்கியின் வாய் ஓர் அங்குலம் திரும்பினாலும் அவர் குரல் வந்துவிடும். ஒருமுறை ஹாஜியையே வெளியே நிற்க வைத்தார்.

தெப்ராவ் பக்கத்திலிருந்து விருந்தாளிகள் வரவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், தேன்மெழுகு குறைவாக இருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். குறைந்ததை எண்ணெயால் ஈடுகட்டினேன். கிரீஸ் இறுகவில்லை. டின்னை ஃப்ரிஜ்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மதியம் ஒரு மணிக்கு அண்ணன் டின்னைத் திறந்தார்.

"அலமாக்! என்னா செயலாளரே, சாம்பார் மாதிரி ஓடுது? வேணாம், அடுத்த வாரம் வச்சிக்கலாம்."

விருந்தாளிகள் காதுமூடிகளை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"ஃப்ரிஜ்ல வச்சது அண்ணே, ஒண்ணும் ஆகாது. ஆளுங்க வந்து நிக்கிறாங்க. நீங்க சுடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேறு யாரையும் சுடவிடாமல் தானே எடுத்துக்கொண்டார். முதல் குண்டுக்கே இரண்டு அறைகள் சேர்ந்து வெடித்தன. புகை விலகியபோது அவர், துப்பாக்கியைத் தாங்கியிருந்த இடது கையைச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தார். அப்போதும் வலது கையிலிருந்த துப்பாக்கி இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

அறிக்கை எழுத வேண்டியவன் செயலாளர். எழுதினேன்: 'சுட்டவர் விதி ஒன்பதைக் கடைப்பிடிக்கவில்லை.' அதில் பொய்யே இல்லை. அதுதான் அதிலிருந்த கெட்டிக்காரத்தனம். டின்னைக் காய்ச்சியது யார், வேண்டாம் என்றது யார், சுடச் சொன்னது யார், எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை.

கூட்டத்தில் ஹாஜி கேட்டார். "சேவியர், இதுக்கு என்ன சொல்றீங்க?"

அண்ணன் கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். நான் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"செயலாளர் எழுதினா சரியாத்தான் இருக்கும்."

தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. பாதுகாப்பு அதிகாரியே அலட்சியம் என்று ஊர் சிரித்தது. நான் அதை மறுக்கவில்லை, கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வருடங்கள் கழித்து ஆயர் ஈத்தாமில் பஸ் நின்று இறங்கியபோது, மண்பாண்டக் கடை முன்னால் அவரைப் பார்த்தேன். ஆளுயரப் பூச்சாடி ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. கடைக்காரி வந்து அதன் விலையைச் சொன்னாள்.

அந்த உறைந்த எண்ணெயைப் பார்த்த வாரம் அவருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு. பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த மாதம் சங்கத்தின் கடைசிக் கூட்டம். நிலத்தை டேட்டா சென்டருக்குக் கொடுத்தாயிற்று, உரிமங்கள் எப்போதோ ஒப்படைக்கப்பட்டன. சங்கத்தைக் கலைப்பது மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் ஏழு கிழவர்கள் உட்கார்ந்தோம். ஹாஜியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். பழைய மினிட்டுகளில் திருத்தம் உண்டா என்று அவர் கேட்டார். அண்ணனின் பதில் இன்னும் வரவில்லை. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வராமல் எழுப்புவது முறையில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். 'திருத்தம் இல்லை' என்று எழுதினேன். தீர்மானத்தின்படி மினிட் புத்தகங்களைக் கடைக்குப் பின்னால் இரும்பு டிரம்மில் போட்டு எரித்தார்கள். சுடுதளம் இருந்த இடத்தில் இப்போது ஜன்னலில்லாத கட்டடம் ஒன்று ராப்பகலாக இரைந்துகொண்டிருக்கிறது.

அண்ணனின் பதில், மகளின் கையெழுத்தில், அரைப் பக்கம்.

"தம்பி, கண்ணு ஆபரேஷன், அதான் லேட்டு. நடந்தது எனக்குத் தெரியும், எனக்கு எதுக்கு எழுதுற? கடைசிக் கூட்டம் இருக்குன்னு சொன்னாங்க. ஹாஜி இருக்கும்போதே எந்திரிச்சு சொல்லிடு. அது போதும்."

வந்த கடிதத்தின் மூலையில் தேதி குறிப்பது அலுவலகப் பழக்கம். குறித்தேன்: ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை.