செல்வத்தின் புல்தரை

மலேசியாவில், மம்பாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் செல்வம். அவர் புல்தரையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். சிரம்பான் கம்பெனி ஒன்று மருந்தே அடிக்காமல், சாணமும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு வளர்க்கிறது. "எல்லாம் இயற்கை லா" என்பார், நான் கேட்காமலே.

அதே கம்பெனியைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் களை எடுத்த முனியாண்டி அண்ணனைப் பிடித்தேன்.

"மருந்து வேணாம்ணே, புல்லுக்கு நடுவுல இருக்கிற களையைக் கையாலயே எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு இன்று வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால் என் புல்தரை இருந்த இடத்தில் வெறும் செம்மண். கூட்டியும் விட்டிருந்தார்.

"ஒரு புல்லு விடல தம்பி. தோட்டத்துல வேலை வாங்குற மண்டோரே வந்து பார்த்தாலும் குத்தம் சொல்ல முடியாது!"

ரப்பர் மரத்தடியில் புல்லே இருக்கக்கூடாது என்று பழகிய மனிதர். அவரை என்ன சொல்வது?

சற்று முன் செல்வம் போன் செய்தார். குடும்பத்தோடு சி ரூசா கடற்கரையில் இருக்கிறாராம்.

"உங்க புது ஆளு எப்படி லா?"

"ஒரு களை கூட இல்ல" என்றேன். பொய்யில்லையே.

"எங்க கம்பெனிக்காரன் இந்த வாரம் வரல. அவரை எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்க!"

முனியாண்டி அண்ணன் நாளைக் காலை சும்மாதான் இருக்கிறார். என்ன சொல்கிறீர்கள், அனுப்பவா?