மாமாவின் தோலை உரித்த மாத்திரை

காலை ஒன்பது நாற்பது. திருவனந்தபுரத்து நரம்பு டாக்டரின் மேசையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் தலை. பாதி முகத்தில் தோல் இல்லை. நரம்புகள் மஞ்சளாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் அப்பா தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். வலி அங்கேதான். பல் துலக்கினால்கூட மின்சாரம் பாய்வதுபோல வெட்டி இழுக்கும். நாகர்கோவிலில் இரண்டு பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று.

டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள். வலிப்புக்காக அதைத் தின்றுதான் அவளுடைய தம்பிக்கு உடம்பெல்லாம் கொப்புளித்தது.

"மரச்சீனிக் கிழங்கு தொலி மாதிரி உரிஞ்சு போச்சு டாக்டரே. பொழச்சதே பெரிசு."

சில குடும்பங்களில் ஒரு மரபணு ஓடும், அது உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை தோலையே உரித்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பாவிடம் திரும்பினார்.

"மனைவியின் தம்பியல்லே? நிங்ஙளுக்கு ரக்தபந்தம் உண்டோ?"

அப்பா மாமாவோடு பேசுவதில்லை. எல்லையில் நின்ற பலாமரம் யாருக்கு என்ற தகராறு.

"ஒரு சொட்டு கெடையாது. பஞ்சாயத்துலயே சொன்னவனாக்கும் நான்."

டாக்டர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க டாக்டரே!"

"ஏட்டி, சும்மா இரி."

"உங்களுக்க தொலி உரிஞ்சா நானில்லா வாழையிலையில கெடத்தணும்! டாக்டரே, இவியளுக்க அம்மையும் எனக்க அப்பாவும் கூடப்பொறந்தவிய. அத்த மவனத்தான் கெட்டியிருக்கேன்."

டாக்டர் கோட்டயத்துக்காரர். அவர் வீட்டில் அப்படிக் கல்யாணம் செய்யும் வழக்கமில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எங்கள் வம்சத்தை வரைந்தார். வெளியே போன கோடு திரும்பி வந்து அதே வீட்டில் ஏறியது. தாளைத் திருப்பிப் பார்த்தார். அடியில் என்னை ஒரு புள்ளியாக வைத்து, நானும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். மாமாவின் ரத்தமும் வேண்டுமாம்.

"அதுக்கு அந்த மரத்தையே விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார் அப்பா.

மாமாவை அம்மாதான் அழைத்துவந்தாள். பெஞ்சின் இரு முனைகளில் அப்பாவும் மாமாவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அத்தான் குடுத்தாச்சா?" என்று மாமா அம்மாவிடம் கேட்டார்.

"குடுத்தாச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா.

ரத்தம் சென்னைக்குப் போனது. முடிவு வரும்வரை அப்பா கஞ்சியை ஒரு கடைவாய் வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. எனக்கு அந்த மரபணு இல்லை. மாமாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார்.