ஏழு நாள் கடிதம்

முல்லைத்தீவில் எங்கள் வீட்டுத்திட்டத்துக்கு ஒரு குடியிருப்பாளர் சங்கம் உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். மீளக்குடியேறி வந்த சகீனா தன் வீட்டு வாசலில் தகரத்தால் ஓர் அப்பக்கடை போட்டாள். வீதியின் அழகு கெடுகிறது என்று சிலர் முறையிட, ஏழு நாளில் அதை அகற்றும்படி சங்கத்தின் பெயரில் நான் கடிதம் கொடுத்தேன்.

"எந்தச் சட்டத்திலை இருக்கு அக்கா? ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ," என்றாள்.

"சங்கம் சொன்னா அதுதான் சட்டம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை இருக்கவிடவில்லை. சமைத்தாலும் துவைத்தாலும் அதே நினைவு. ஆறாம் நாள் சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். அப்படி ஒரு விதியே இல்லை. மனம் கேளாமல் பிரதேச சபைக்கு ஓடினேன்.

அங்கிருந்த உத்தியோகத்தர் கடிதத்தைப் பார்த்தார். "பொதுக் கிணறும் மண்டபமும்தான் உங்கட பொறுப்பு. ஒராளின்ரை காணிக்குள்ளை கட்டினதைக் கழட்டச் சொல்லச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. அது சபை பாக்கிற வேலை," என்றார்.

திரும்பும்போது பஸ் ஊர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சகீனா தகரங்களைக் கழற்றி மதிலோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கழட்டாதேங்கோ சகீனா, பிழை என்னிலைதான்," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "இனி ஒருத்தரும் கழட்டச் சொல்லமாட்டினமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"சங்கம் சொல்லாது. சபை கூப்பிட்டா நானும் உங்களோடை வாறன்."

இருவருமாகத் தகரங்களைத் திரும்ப ஏற்றினோம். இரண்டு வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறேன். இப்படி எத்தனை கடிதங்களில் கையெழுத்து வைத்தேன், கேள்வி கேட்காமலே யார் யார் கழற்றிப்போட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க இன்னும் பயமாக இருக்கிறது.