சாவுக்கென்று வந்த ரத்தம்

ஆட்டைத் திறந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்புப் போல ஒரு மெல்லிய சதை இருக்கும். அதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். எலும்போடு சேர்த்து எடையில் தள்ளிவிடுவோம். விழுப்புரத்தில் கறிக்கடையில் வேலை பார்த்ததால், சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் வரைந்து காட்டியபோது எட்டாவதோடு நின்ற எனக்கும் அது எந்தச் சதை என்று தெரிந்துவிட்டது.

என் அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பெண் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. பிறந்த ஏழாம் மாதத்தில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். ஓட்டை அடைபட்டுவிட்டது, மூச்சுதான் வரவில்லை. மூச்சு மிஷின் குழாயை எடுத்ததும் குழந்தை மூச்சை இழுக்கும். வயிறு உப்ப வேண்டிய நேரத்தில் உள்ளே போகும், உதடு நாவல்பழம் தின்றது போல ஆகும். மறுபடி குழாயைச் செருகுவார்கள்.

"அந்தச் சதைக்குப் போற நரம்பு ஆபரேஷன்ல அடிபட்டிருக்கு. இடது பக்கம் வேலை செய்யல. தானா சரியாகும்னு பாத்தோம், ஆகல. தொளதொளன்னு இருக்கறத இழுத்துத் தைக்கணும். லேட் பண்ணா மிஷின்லயே சளி பிடிச்சிடும்" என்று படத்தைக் காட்டிச் சொன்னார் டாக்டர்.

அதற்கு ரத்தம் வேண்டும். குழந்தைக்கு அப்பன் வழி ரத்தம், லேசில் கிடைக்காத குரூப். மாமா முதல் ஆபரேஷனுக்கே கொடுத்துவிட்டார், உடனே மறுபடி எடுக்க மாட்டார்களாம். அவருடைய தம்பிகள் இரண்டு பேருக்கும் அதே குரூப். அழைத்து வருகிறேன் என்று திண்டிவனம் போன மாமா வரவில்லை. போன் செய்தால் அவருடைய அக்காள்தான் எடுத்தாள். அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம்.

"ஒரு தபா அறுத்து ஆவாதது ரெண்டாந்தபா அறுத்தா ஆயிடுமா? அறுத்து அறுத்துப் பாக்க அது இன்னா உங்க கட ஆடாடா?"

"ஆடா இருந்தா தோலுக்காவது வெல கெடைக்கும் அண்ணி. தம்பிங்கள அனுப்புங்க."

"அவனுங்களுக்கு வேல கீது. பொட்டப் புள்ளதான? உங்கக்காள வூட்டுக்கு வரச் சொல்லு. அடுத்தது நல்லதா பொறக்கும்."

மறுநாளும் கெஞ்சினேன். அதற்கடுத்த நாள், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள். வெளியே வந்து டீக்கடை ஓரமாக நின்று திண்டிவனத்துக்குப் போன் அடித்தேன்.

"அண்ணி... போய்டுச்சி அண்ணி."

உடனே ஆரம்பித்தாள் பாருங்கள் ஒப்பாரி, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். ஒப்பாரிக்கு நடுவே குரல் பளிச்சென்று மாறியது. "பாடிய வாங்கி வையுங்க. வேன் வெச்சினு ஜல்தியா வந்துடறோம்."

வேலை இருந்த தம்பிகள், லீவு இல்லாத தம்பிகள், ஒரு பேச்சும் பேசாமல் வேனில் ஏறியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் வேன் வந்து நின்றது. மாமா, அவருடைய அக்காள், தம்பிகள், தெருக்காரர்கள் நாலைந்து பேர், சாமந்தி மாலை, சின்னதாக ஒரு புதுத் துணி. நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மாடியில் ஐசியூ வாசலில் அக்கா டீயில் பன் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு வந்த நாத்தனாரைப் பார்த்துப் பன்னோடு எழுந்து நின்றாள்.

"இன்னா அண்ணி, யாரு செத்தாங்க?"

நாத்தனாருக்கு மாரில் அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மாமா திரும்பி என் கன்னத்தில் விட்டார் ஒன்று. காது கொய்யென்றது.

"இன்னொன்னு கூட வுடு மாமா. தம்பிங்கள மட்டும் கீழ அனுப்பு. ரத்தம் எடுக்கற எடம் படி எறங்கினா சோத்துக்கை பக்கம்."

"உன் வாயி அழுவிப் பூடும்டா!" என்றாள் நாத்தனார்.

"பூவட்டும் அண்ணி. சாவுன்னதும் வந்த வண்டி, உசுருன்னா பஞ்சரா?"

ஐசியூ வாசலில் காத்திருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்களெல்லாம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையைக் கையில் வைத்திருந்த சின்னத் தம்பி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்தபடியே படி இறங்கினான். பெரியவனும் பின்னாலேயே போனான். அந்த வெட்கத்தில் வந்ததுதான் இரண்டு பாட்டில் ரத்தமும். மாலையை வீணாக்க மனமில்லாமல் வேன் டிரைவர் வண்டிக்குள் இருந்த சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

காய்ச்சல் இறங்கியதும் தைத்தார்கள். சில நாள் கழித்துக் குழாயை எடுத்தபோது நானும் அக்காவும் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பியது. இறங்கியது. மறுபடி உப்பியது. "தவக்கள மாரி கீதுக்கா உன் பொண்ணு" என்றேன். அக்கா அழுதுகொண்டே என்னைக் கிள்ளினாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகத் திண்டிவனம் போனோம். நாத்தனார் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"எங்க வூட்டுப் புள்ள செத்துப் போச்சின்னு உன் தம்பிதான் சொன்னான். வேன் ஏறறதுக்குள்ளாற தெருவுக்கே சொல்லிட்டோம். இப்ப யாரு வூட்டுப் புள்ளைய தூக்கினு வந்து நிக்கற?"

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் பின்மண்டை தெரிந்தது. அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டும்போது அக்கா குழந்தையை என் மடியில் போட்டாள். கை காலியானதும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு இன்னொன்று.

"வலிக்குதுக்கா. இது எதுக்கு?"

"தெரியலடா" என்றாள். "தலைய நேரா புடி, அதுக்கு மூச்சு முட்டப் போவுது."