டெல்மர் மூலையை விட்ட நாள்

டெல்மர் ரோக்ஸ்டட் இருபத்தேழு வருஷமாக எங்கள் அயோவாப் பண்ணைகளில் பால் லாரி ஓட்டுகிறவர். ஞானப்பாட்டு முணுமுணுத்தபடியே வருவார். மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

ஓடைப் பாலம் பழுதாகி, கனரக வண்டி போகக்கூடாதென்று பலகை வைத்துவிட்டார்கள். அவரும் பள்ளிப் பேருந்தும் பதினோரு மைல் சுற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பாலத்துக்காகத்தான் மாவட்டக் குழுத் தேர்தலில் நிற்க வந்தார். "ஆண்டவர் கனவுல சொன்னாரா?" என்று கேட்டேன். "இல்லம்மா, பஸ்ல பிள்ளைங்க தூங்கி வழியறதைப் பார்த்தேன்" என்றார்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் சபை ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கட்சிக்காரர் எண்பது பேர் கூடினோம். எங்களிடம் வாக்குச் சீட்டுப் போடும் வழக்கமில்லை. பிடித்தவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு பேர் சேராத மூலை கலைந்துவிட வேண்டும். அவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். கடைசியில் பெரிய கூட்டம் யாருக்கோ அவரே வேட்பாளர்.

உயரத்துச் சன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. வெந்நீர்க் குழாய்கள் மெல்ல முனகின. எல்லோரும் தண்ணீருக்கடியில் நடமாடுவது போலிருந்தது எனக்கு. போட்டியில் இருந்த மற்ற இருவரில் ஹோல்ட்ஸ் மூலையில் முப்பத்தெட்டு, ஜோலீன் மூலையில் முப்பத்திரண்டு, டெல்மரோடு சேர்த்து நாங்கள் பத்து. பாலத்துக்குப் பணமில்லை என்று ஹோல்ட்ஸ் சொல்லிவிட்டார். ஜோலீன் யோசிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அப்போது ஹோல்ட்ஸ் பக்கத்திலிருந்து ராட்னியும் இன்னொருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"பால்காரரே, தள்ளி நில்லுங்க. உங்க மூலை பொழைச்சுது!"

"எனக்காகவா வந்தீங்க?"

"நல்லாக் கேட்டீங்க! நீங்க கலைஞ்சா இவங்கள்லாம் ஜோலீன்கிட்ட போயிடுவாங்களே. சும்மா நில்லுங்க, அது போதும்."

"பன்னெண்டு ஆச்சு டெல்மர்!" என்று எங்கள் மூலையில் நின்ற கிளாடிஸ் கைதட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் ஜெபித்தேன். அவர் நிற்கவேண்டும் என்றுதான், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"நான் நின்னா ஹோல்ட்ஸ் ஜெயிப்பாரு. அப்புறம் பாலம் ஏது? போதும்" என்றார். யாரையும் கூப்பிடவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜோலீன் மூலைக்கு நடந்தார்.

"மூணு வாரம் உனக்காகக் கதவு கதவாத் தட்டினேனேடா, பாவி!" என்று கிளாடிஸ் புருஷனை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். மற்ற ஏழு பேரும் டெல்மர் பின்னால் போனோம். வந்த இருவரும் தங்கள் மூலைக்கே திரும்பினார்கள். ஜோலீனுக்கு நாற்பது, ஹோல்ட்ஸுக்கு முப்பத்தெட்டு.

ஜோலீன் கை நீட்டினாள். டெல்மர் அதைப் பிடித்தார், விடவில்லை.

"திங்கட்கிழமை என் லாரியில அந்தச் சுத்து வழி முழுக்க வரணும் நீங்க."

"எத்தனை மணிக்கு?"

"நாலரை."

"விடியறதுக்கு முன்னயா? ஐயோ ஆண்டவரே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் காத்திருந்தார்.

"சரி, வர்றேன்" என்றாள்.